இரண்டாவது சிலிண்டர்

1923ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். முகம் கழுவி, திருநீறு பூசி, பால் இல்லாத தேநீர் ஒரு கோப்பை குடித்துவிட்டு, ஐந்து மணிக்குத் தொழிற்சாலையின் மேல்மாடிக்கு ஏறினேன். முதல் நாள் பரப்பிய கொழுந்து வாடியிருக்கிறதா என்று ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்ப்பதுதான் என்னுடைய நாளின் முதல் வேலை. ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் அது சரியாக வாடவில்லை. ஐந்தரைக்கு எண்ணெய் இயந்திரத்தைக் கிளப்பினோம். ஆறு மணிக்கு ஆட்களைக் கூட்டும் பெரட்டுத் தப்பு கேட்டது. ஆட்கள் வரிசையில் நின்று மலைக்குப் பிரிந்து போனார்கள். ஆறேகாலுக்கு முதல் ஈடு கொழுந்து, இலையைச் சுருட்டும் உருளை இயந்திரத்தில் விழுந்தது. ஏழு மணிக்கு மழைமானியில் ஒன்றேகால் அங்குலம். ஏழரைக்கு ரொட்டியும் சம்பலும்.

இதுவரை என் நாட்குறிப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எட்டு மணிக்குப் பிறகு நான் எழுதியிருப்பதை இப்போது எடுத்துப் படித்தால், எழுதியவன் தெளிந்த புத்தியோடு இருந்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அடித்தல் திருத்தல் என் நாட்குறிப்பில் இருக்காது. அன்றைய பக்கத்தில் பதினொரு இடங்களில் இருக்கிறது.

இலங்கையில் நமுனுகுல மலையின் சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக நான் அப்போது இருந்தேன். வயது நாற்பத்தாறு. தொழிற்சாலையின் எண்ணெய் இயந்திரம் என் பொறுப்பு. அதனால், தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை கார் வாங்கியபோது அதன் இயந்திரத்தையும் என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். ஒரு பெரிய சிலிண்டரை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவனுக்கு நான்கு சிறிய சிலிண்டர்கள் ஒரு பொருட்டா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். காரை ஓட்டுவதற்குத் தனியாக ஒரு டிரைவர் இருந்தான். முப்பது வயதிருக்கும். கொழும்பில் ஒரு பட்டறையில் தொழில் பழகியவன். அவன் மனைவி எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுத்தாள்.

திங்கட்கிழமை பதுளையிலிருந்து மேலே ஏறி வரும்போது கார் நொண்ட ஆரம்பித்தது. அந்தக் காரில் நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றும் முறைவைத்துப் பெட்ரோல் ஆவியை இழுத்து, பிளக்கின் பொறியில் வெடித்து, வண்டியைத் தள்ள வேண்டும். நாலில் ஒன்று வெடிக்காவிட்டால் மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கின்றன. சமதளத்தில் சமாளித்துவிடலாம். எங்கள் பக்கத்தில் சமதளம் என்று சொல்ல ஒரு பர்லாங்கு கூட இல்லை.

பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. சீமைக்குப் போயிருந்த துரையின் மனைவி, துரைசாணி, ஆறு மாதக் கைக்குழந்தையோடு புதன்கிழமை பகல் ரயிலில் பண்டாரவளையில் வந்து இறங்குவதாக இருந்தார்கள். எல்ல என்ற ஊர் வழியாகப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் திரும்ப வேண்டும். திங்கள் மாலையே துரை கார்க் கொட்டகைக்கு வந்து டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

"புதன்கிழமை கார் ஓடாட்டி நீ வேற தோட்டம் பாத்துக்கோ."

துரைமார் பேசும் தமிழில் கெட்டதும் நல்லதும் ஒரே குரலில் வரும். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

செவ்வாய் எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இயந்திரம் ஓடும்போதே, மரப்பிடி போட்ட திருப்புளியை ஒரு பிளக்கின் தலைக்கும் இரும்புக்கும் குறுக்கே வைக்க வேண்டும். பொறி பிளக்குக்குள் போகாமல் திருப்புளி வழியாக ஓடிவிடும். அப்போது சத்தம் இன்னும் நொண்டினால், அதுவரை அந்த சிலிண்டர் உயிரோடு இருந்தது என்று அர்த்தம். ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் அதுதான் செத்தது.

டிரைவர் நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரெண்டாவதுதாங்க ஐயா. செத்த பொணமா கெடக்கு."

அதற்குள் துரையின் பங்களாவிலிருந்து ஓர் ஆள் வந்து அவனைக் கூப்பிட்டான். குழந்தைக்கு வந்திருந்த தொட்டிலை மாடிக்கு ஏற்ற வேண்டுமாம். அவன் போன பிறகு நானே இரண்டாவது பிளக்கைக் கழற்றினேன். முனை முழுக்கக் கரியும் எண்ணெயுமாக இருந்தது. எனக்கு நிம்மதியாயிற்று. புதுப் பிளக்கை மாட்டி, "8.35. இரண்டு. புதுப் பிளக்" என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அவன் திரும்பி வந்து ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பினான். கார் முன்போலவே நொண்டியது.

"ரெண்டாவதுக்குப் புதுசு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சே."

"அப்ப பிளக் இல்லீங்க. வேற என்னமோ."

அடுத்த சோதனையை நானே செய்தேன். இரண்டாவதைத் தொட்டதும் சத்தம் தடுமாறியது. அது உயிரோடு இருந்தது. மூன்றாவதைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டேன். மூன்றாவதுதான் செத்திருந்தது. "9.10. கோளாறு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போய்விட்டது" என்று எழுதினேன். எழுதும்போதே அது சரியில்லை என்று தோன்றியது. ஆனால் காதால் கேட்டதை எழுதாமல் இருக்க முடியாது. மூன்றாவதற்கும் ஒரு புதுப் பிளக்கைப் போட்டேன். பலன் இல்லை. டிரைவர் வந்து தொட்டுப் பார்த்தான்.

"அதே ரெண்டுதாங்க ஐயா."

"இரண்டு வேலை செய்கிறதே. மூன்றுதானே நின்றது?"

"மூணு நல்லா அடிக்குதுங்க. ரெண்டுதான் அடிக்கல."

"9.40. மறுபடி இரண்டு." பத்து மணிக்கு நான் சோதித்தபோது மூன்று. பத்தரைக்கு அவன் சோதித்தபோது இரண்டு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். வால்வுகளைத் தட்டிப் பார்த்தோம். பதினொரு மணிக்கு நான் சோதித்தபோது மூன்று. ஒரு கோளாறு இப்படி வீடு மாறி வீடு மாறிக் குடியிருக்குமா என்று எனக்கு விளங்கவில்லை. எண்ணெய் இயந்திரத்தில் எட்டு வருஷத்தில் நான் பார்த்த கோளாறுகள் எல்லாம் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

எப்போதிலிருந்து இது தொடங்கியது என்று பார்க்க நாட்குறிப்பின் முன்பக்கங்களைப் புரட்டினேன். வியாழன் ஆயுத பூசை. கார் வெளியே போகவில்லை. வெள்ளி, வெலிமடை போய்வந்தது; நன்று. சனி, பங்களாவிலிருந்து பதுளை, நன்று. ஞாயிறு ஓட்டம் இல்லை. திங்கள், மழை, கோளாறு. இதிலிருந்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு நிறுவைக்கு வந்தார்கள். கார்க் கொட்டகை தராசுக்கு எதிரேதான் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையின் முன்னால் நின்ற ஒரு வாயாடி, டிரைவரின் மனைவியைத் தோளில் இடித்தாள்.

"என்னடி ஓ வீட்டுக்காரு காரு இப்படி இருமுது? கசாயம் வச்சுக் குடுக்கலாமில்ல?"

"காரு அவருதா? தொரையோடது. கசாயம் வேணும்னா பங்களாவுல கேளு."

"தொரைசாணி வந்து ஏறிக் குந்துனா, காரு அதையும் எறங்கித் தள்ளச் சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தான். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கூடையைத் தராசில் மாட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நாளைக்குள்ள சரியாப் போயிருமாங்க ஐயா?"

"ஆகும்" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டேகாலுக்குத் துரை குதிரையில் வந்தார். இறங்காமலே சத்தத்தைக் கேட்டார். பிறகு இறங்கி, பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தார். டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மண்ணெண்ணெய்."

"இல்லீங்க தொரை."

"நீ பெட்ரோல வித்த. மண்ணெண்ணெய் ஊத்தி நெரப்பின. பதுளையில எல்லா டிரைவரும் செய்யுறான்."

"சத்தியமா இல்லீங்க தொரை."

துரை என்னைப் பார்த்தார். "டீமேக்கர், இத எறக்கு. புது பெட்ரோல் ஊத்து." அவ்வளவு சொல்லிவிட்டுக் குதிரை ஏறி மேல்மலைக்குப் போய்விட்டார்.

தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து இருந்ததையெல்லாம் இரண்டு தகரங்களில் இறக்கினேன். இறக்கும்போது நானும் மோந்து பார்த்தேன். எனக்கு மண்ணெண்ணெய் வாசனைதான் வந்தது. ஆனால் தொழிற்சாலை இயந்திரம் ஓடுவதே மண்ணெண்ணெயில். எட்டு வருஷமாக என் கை, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் எனக்கு அதே வாசனைதான். அந்த மூக்கை வைத்துக்கொண்டு எதைத் தீர்ப்பது? அவன் மேல் எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தகரத்தின் வாயில் இரண்டாம் தடவை குனிந்தபோது அவன் பார்த்துவிட்டான்.

"ஐயாவும் மோந்து பாக்குறீங்களா? பாருங்க, பாருங்க. நாலு பேரு மோந்தாத்தான் வாசம் தெரியும்."

நான் தலையைத் தூக்கினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹேண்டிலை எடுத்தான். வேலை போனால் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்கும். பெட்ரோல் திருடன் என்ற பேரோடு போனால் பண்டாரவளை முதல் பசறை வரை எந்தத் துரையும் அவனைக் காரில் உட்கார விடமாட்டார். காலையில் வேலைதான் ஆபத்தில் இருந்தது. இப்போது பேரும் சேர்ந்துகொண்டது.

தகரங்களில் அடைத்து வந்த புதுப் பெட்டியை உடைத்துப் பெட்ரோல் ஊற்றினோம். "12.40. புதுப் பெட்ரோல். மாற்றம் இல்லை." கார் அதே மாதிரி நொண்டியது. துரை அப்போது மேல்மலையில் இருந்தார். இதைக் கேட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். இறக்கிய பெட்ரோல் இருந்த இரண்டு தகரங்களையும் மூடி, தேதி எழுதிய சீட்டு ஒட்டி, கொட்டகை மூலையில் வைத்தேன். ஏதோ நோக்கத்தோடு செய்ததல்ல. எதை மூடி வைத்தாலும் சீட்டு ஒட்டுவது என் வழக்கம்.

இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கினோம். நான் நாட்குறிப்பைத் திறந்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"ஐயா, நான் சொன்னது எல்லாம் ரெண்டு. நீங்க சொன்னது எல்லாம் மூணு."

"ஆமாம். அதுதான் ஓடிக்கொண்டே இருக்கிறதே."

"ஓடல. உங்க மூணைக் கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க."

தொட்டேன். அவன் அதே பிளக்கின் மேல் தன் விரலை வைத்தான்.

"இதாங்க என் ரெண்டு. நீங்க எங்கேருந்து எண்ணுறீங்க?"

நான் ஓட்டுகிறவன் உட்காரும் பக்கத்திலிருந்து எண்ணியிருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் உருளை இயந்திரங்கள் நான்கு. இயந்திர அறைக்கு அருகில் உள்ளது ஒன்று. கடைசியில் உள்ளது நான்கு. வேலை செய்கிறவன் நிற்கும் இடத்திலிருந்து எண்ணுவதுதான் எங்கள் முறை. ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் அறைகளுக்கும், அதாவது காம்பராக்களுக்கும், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலிருந்துதான் எண். காரின் சிலிண்டருக்கு மட்டும் மூக்கிலிருந்து எண்ண வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கோ, அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

"கொழும்புல எல்லாரும் ரேடியேட்டர்லேருந்துதாங்க எண்ணுவாங்க" என்றான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நல்ல பிளக்கைக் கழட்டிட்டு நல்ல பிளக்கைப் போட்டுட்டு, பலன் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மணி நேரம் நான் எழுதியதில் பாதி பொய்யாகிவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். அந்தப் பதினொரு அடித்தல்களும் அப்போது விழுந்தவைதான்.

திருத்திய பிறகு கோளாறு ஒரே இடத்தில் வந்து நின்றது. முன்னாலிருந்து இரண்டாவது சிலிண்டர். காலை முதல் அதுதான், அது மட்டும்தான். ஆனால் அதற்கும் புதுப் பிளக் போட்டாகிவிட்டது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, கம்பிகளோடு சேர்த்தே இரும்பின் மேல் கிடத்தினோம். அவன் ஹேண்டிலைச் சுற்ற, நான் பார்த்தேன். மூன்று பிளக்குகளின் முனையில் பொறி வந்தது. இரண்டாவதில் வரவில்லை. பிளக்கை மாற்றிப் பார்த்தோம், வரவில்லை. கம்பியை மாற்றிப் பார்த்தோம், வரவில்லை. மிச்சம் இருந்தது அந்தக் கம்பி புறப்படும் இடம்.

பொறியை உண்டாக்குவது மேக்னெட்டோ என்ற இரும்புப் பெட்டி. இயந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும். அதன் முகத்தில் கறுப்பு மூடி ஒன்று உண்டு. நான்கு கம்பிகளும் அந்த மூடியிலிருந்துதான் புறப்படுகின்றன. மூடியை ஒரு பித்தளைக் கவ்வி பிடித்திருக்கும்.

மூன்றரைக்கு மழை கொட்டியது. மலை மறைந்து கொட்டகைக்குள் இருட்டு கட்டியது. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கு எடுக்கத் திரும்பினேன்.

"வேணாங்க. இருட்டா இருந்தாத்தான் நல்லது" என்று சொல்லி, ஒரு கொழுந்துச் சாக்கை பானெட்டின் மேல் போர்த்தினான். "தலையை உள்ள விட்டுப் பாருங்க. நான் சுத்துறேன்."

சாக்குக்குள் தலையை விட்டு மேக்னெட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சுற்றினான். கறுப்பு மூடியின் மேல், இரண்டாவது கம்பியின் அடியிலிருந்து பித்தளைக் கவ்விக்கு, நீல நூல் ஒன்று ஊர்ந்து மறைந்தது. மறுபடி சுற்றினான். மறுபடி ஊர்ந்தது. பொறி கம்பிக்குள் போகாமல் குறுக்கு வழியில் இரும்புக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சாக்கை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி வாசலுக்குக் கொண்டு வந்தேன். நூல் ஊர்ந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று கருகியிருந்தது, ஒரு மயிரிழை அகலத்தில். அது ஒரு பொட்டின் நடுவே போனது. சந்தனத்தில் வைத்து, மேலே குங்குமம் இட்ட பொட்டு.

அந்தப் பொட்டை வைத்தவன் நான்.

ஆயுத பூசைக்குத் தொழிற்சாலை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. முந்தின வருஷம் காரின் முகப்பில் மஞ்சளும் சந்தனமும் பூசியதில் வர்ணத்தில் கறை விழுந்துவிட்டது. இனிமேல் காரில் ஒன்றும் பூசக்கூடாது என்று துரை சொல்லியிருந்தார். ஆனால் பூசை நாளில் ஒரு இயந்திரத்தை மட்டும் வெறும் நெற்றியோடு விட எனக்கு மனம் வரவில்லை. வெளியே தெரியாமல் பானெட்டைத் திறந்து உள்ளே வைத்தேன். எங்கே வைக்கலாம் என்று கேட்டபோது, மேக்னெட்டோதான் காரின் உயிர் என்று டிரைவர் சொன்னான். அதன் மூடியில், ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒன்றாக, ஒரே அளவில் நான்கு பொட்டுகள் வைத்தேன். மூன்று பொட்டுகளுக்குப் பக்கத்தில் உலோகம் இல்லை. இரண்டாவது பொட்டின் ஓரம் மட்டும் கவ்வியைத் தொட்டிருந்தது. காய்ந்திருந்த வரையில் அது சும்மா இருந்தது. திங்கட்கிழமை மழை ஈரத்தைக் குடித்ததும் பொறிக்கு வழி விட்டது. பிறகு அந்த வழி கருகி நிலைத்துவிட்டது. எனக்கு அன்று விளங்கிய வரையில் எழுதுகிறேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

டிரைவர் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"நாலு பேருக்கும் பொட்டு வச்சீங்க. ஒருத்தனுக்கு மட்டும் அருள் வந்திருச்சு" என்றான்.

நான்கு பொட்டுகளையும் துடைத்தேன். கருகிய கோடு துணிக்கு வரவில்லை, பெட்ரோலுக்கும் வரவில்லை. பேனாக்கத்தியின் முனையால் சுரண்டி எடுத்தேன். சுரண்டிய பள்ளத்தில் மறுபடி ஈரம் பிடிக்காமல் இருக்க, தச்சு ஆசாரியிடம் மெருகெண்ணெய் வாங்கிப் பூசினேன். அது அரக்கைச் சாராயத்தில் கரைத்தது. நான் கேட்டபோது ஆசாரி, காருக்கா எனக்கா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். மழையில் காயாது என்பதால் மூடியைத் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் கதவருகே முக்கால் மணி நேரம் வைத்தேன்.

"5.30. நான்கும் வேலை செய்கின்றன." அந்த ஒரு வரியில் மட்டும் என் கையெழுத்து வழக்கம்போல் இருக்கிறது. டிரைவர் காரைத் தொழிற்சாலை வளைவில் ஏற்றி இறக்கினான். தராசடியில் மாலைக் கொழுந்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். அவன் மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

சத்தம் கேட்டுத் துரை குடை பிடித்தபடி இறங்கி வந்தார். வளைவில் நின்று கேட்டார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"பாத்தியா டீமேக்கர். நல்ல பெட்ரோல், நல்ல கார்."

நான் வாயைத் திறந்தேன். அவர் டிரைவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"நாளைக்கு தொரைசாணிய கூட்டிட்டு வா. அப்புறம் ஆபீசுக்கு வந்து கணக்கு முடிச்சு சீட்டு வாங்கிக்கோ. திருடன் எனக்கு வேணாம்."

நான் சொல்லியிருக்க வேண்டும். புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகும் கார் நொண்டியது என்று என் நாட்குறிப்பில் மணியோடு எழுதியிருந்தது. அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி பிறகு எதனால் சரியாயிற்று என்பதாகத்தான் இருக்கும். எதை முதலில் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நான் மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடிப்பதற்குள் குடை வளைவைத் தாண்டிவிட்டது.

மதியம் மண்ணெண்ணெய் வாசனை என்றபோது, எனக்குத் தெரியாததால் பேசாமல் இருந்தேன். மாலையில் எல்லாம் தெரிந்தும் பேசாமல் நின்றேன். இரண்டு மௌனமும் ஒன்றல்ல என்பது அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

டிரைவர் காரைக் கொட்டகையில் நிறுத்தி, இருக்கைகளைத் துடைத்தான். நாளைக்கு உட்காரப்போகும் குழந்தைக்காகப் பின்னிருக்கையை இரண்டு தடவை துடைத்தான்.

"துரையிடம் நான் சொல்கிறேன்" என்றேன்.

"என்னன்னு சொல்வீங்க? பூசக்கூடாதுன்னு சொன்னதை பூசினேன்னா? மஞ்சளுக்கே உங்களை ஒரு மாசம் பேசுனாரு. வுடுங்க ஐயா. உங்களுக்குப் புள்ளைங்க நாலு."

"உனக்கு?"

"எனக்கு இனிமேத்தான்" என்றான். அவன் மனைவி நான்கு மாதம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, மூலையில் இருந்த தகரங்களைக் காலால் காட்டினான். "இதை என்னங்க செய்றது? மண்ணெண்ணெய்தானே, உங்க இயந்திரத்துல ஊத்திருங்க."

அதை அவன் கசப்பாகத்தான் சொன்னான். எனக்கு மட்டும் அந்தத் தகரங்களைப் பார்த்ததும், காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு காரியம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது வரிசையாகத் தெரிந்தது. வார்த்தையால் துரையிடம் என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. அவர் கேட்டு நம்புவது கார் சத்தத்தைத்தான்.

"யாரும் தொடக்கூடாது" என்றேன். "காலையில் ஐந்து மணிக்கு வா. தொட்டியைக் காலி செய்து வைக்க வேண்டும்."

அன்றைய குறிப்பின் கடைசியில் கோளாறின் காரணம் என்று எழுதி, பொட்டு வைத்த நாள், இடம், வைத்தவர் எல்லாவற்றையும் மையில் எழுதினேன். பிறகு விளக்கை அணைத்துப் படுத்தேன்.

மறுநாள், 24ஆம் தேதி, புதன். நாலே முக்காலுக்கு எழுந்தேன். மேல்மாடிக்கு ஏறவில்லை. டிரைவரும் நானும் புதுப் பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு, காலித் தொட்டியோடு காரைத் தொழிற்சாலை ஆட்கள் ஆறு பேரைக் கொண்டு பங்களா வாசல் வரை தள்ளிக்கொண்டு போனோம். துரை தேநீர்க் கோப்பையோடு படியில் வந்து நின்றார். நான் கறுப்பு மூடியைக் காட்டி, சுரண்டிய இடத்தைக் காட்டி, அங்கே பொட்டு வைத்ததைச் சொன்னேன்.

"நான் வேணாம்னு சொன்னேன்" என்றார்.

"ஆமாங்க."

"நீ வச்ச."

"வச்சேங்க. உள்ள வச்சேன்."

அவர் சீட்டு ஒட்டிய இரண்டு தகரங்களையும் பார்த்தார். எதற்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. "ஊத்து" என்றார்.

அவர் கண் முன்னாலேயே சீட்டைக் கிழித்து, அவர் மண்ணெண்ணெய் என்று சொன்ன அந்தப் பெட்ரோலைத் தொட்டியில் ஊற்றினேன். டிரைவர் ஹேண்டிலைச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கேட் வரை ஓட்டிப் போய்த் திரும்பி ஏற்றத்தில் வந்தான். துரை கோப்பையை வாயருகே பிடித்தபடி, குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அடி கூடத் தப்பவில்லை.

"ஒம்பதுக்குப் பொறப்படு" என்றார் அவனிடம். "கொழந்தை வருது. எல்ல எறக்கத்துல மெதுவா." ஆபீஸ், சீட்டு என்று எதுவும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னைப் பத்தி நான் யோசிக்கிறேன்" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு, காலித் தகரங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கீழே பெரட்டுத் தப்பு அடிக்கத் தொடங்கியிருந்தது.